முள் போகட்டும், மேல்மண் இருக்கட்டும்

டிராக்டருக்கு முன்னால் லோடர் மாட்டப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணாச்சி, எத்தனை அடி பக்கெட் போடலாம்?" சாயர்புரத்துக்காரரும் கேட்கிறார், விளாத்திகுளத்துக்காரரும் கேட்கிறார். எதை அள்ளப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், சீமைக் கருவேலங்காட்டை அழிக்கத்தான் என்பார்கள். அப்படியானால் பக்கெட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லும்போது முகம் மாறுகிறது. லோடர் என்றாலே பக்கெட்தான் என்று நம் ஊரில் பழகிவிட்டது. முள்காடு அழிக்கிற வேலையில் நிலத்துக்கு நேர்கிற சேதத்தில் பாதி அந்தப் பழக்கத்தால் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

லோடருக்கு முன் என்ன மாட்டுவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தூத்துக்குடித் துறைமுகம். அங்கே ஓர் ஒப்பந்தக்காரரிடம் பேலோடர் ஓட்டினேன். நிலக்கரிக் கப்பல் வந்தால், கிரேனின் கிராப் நடுவில் இருக்கும் கரியை அள்ளிக்கொண்டே போகும். மூலைகளிலும் சுவர் ஓரத்திலும் தங்குகிற கரி அதற்கு எட்டாது. கிரேனில் கட்டி பேலோடரைக் கப்பலின் அறைக்குள் இறக்குவார்கள். மூலைக் கரியை நடுவுக்குத் தள்ளிக் குவித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கெட்டில் பல் இருக்கக் கூடாது. கீழே இருப்பது கப்பலின் இரும்புத் தரை, பல் பட்டால் கீறிவிடும். பக்கெட்டும் பெரியதாக இருக்கும், ஏனென்றால் கரி எடை குறைந்த சரக்கு. ஒரு கன மீட்டர் கரி 800, 900 கிலோதான் வரும். அதே பக்கெட்டில் ஈர மணலை அள்ளிப் பாருங்கள். கன மீட்டருக்கு 1,900 கிலோ வரை போகும், வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். சரக்குக்குத் தக்க பக்கெட் என்பது துறைமுகத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கத்து உப்பளங்களில் உப்பு அம்பாரத்தை லாரியில் ஏற்றும்போது இன்னொரு நுணுக்கம் பார்ப்பேன். அங்கேயும் பல் இல்லாத நேர் பிளேடுதான். அம்பாரத்தின் அடியில் ஒரு கனம் உப்பைத் தரையோடு விட்டுவிட்டுத்தான் நல்ல ஓட்டுநர் அள்ளுவார். களிமண் ஒரு பிடி கலந்தாலும் உப்பின் நிறம் மங்கும், விலை விழும். எதை எடுக்கிறோம் என்பதைவிட எதை விட்டுவைக்கிறோம் என்பதில் கண் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது அங்கேதான். இப்போது சொந்தமாக டிராக்டரும் லோடரும் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். முள்காட்டு வேலையிலும் இதைத்தான் பார்க்கிறேன். முள் போக வேண்டும், மேல்மண் நிலத்திலேயே இருக்க வேண்டும்.

சரி, மரத்துக்கு வருவோம். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தில் கடப்பைக்குப் பக்கத்துக் கமலாபுரத்தில் விதைத்தார்கள் என்று வனத்துறை நூல்கள் சொல்கின்றன. பிறகு வேலிக்கும் விறகுக்கும் என்று ஊர் ஊராகப் பரவியது. ராமநாதபுரத்திலும் எங்கள் மாவட்டத்தின் வடக்கு, கரிசல் பக்கத்திலும் எத்தனையோ குடும்பங்களுக்குக் கரிமூட்டம் போட்டுச் சோறு கொடுத்த மரமும் இதுதான். அதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. ஆனால் குளத்துக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் தரிசாக விட்ட புஞ்சையிலும் அது புகுந்த பிறகு வேறு எதற்கும் இடமில்லாமல் போனது.

2017 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டபோது, கிராமம் கிராமமாக எந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டிலேயே சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்து, வல்லுநர்களை வைத்து ஆராயச் சொன்னது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. சட்டத்தின் பக்கம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, காட்டில் நான் கண்டது வேறு. அவசரமாகத் தரை மட்டத்தில் வெட்டிய இடங்களில் ஒற்றைத் தண்டாக இருந்த மரம், அடுத்த மழைக்குப் பத்துத் தண்டாகப் புதர் கட்டியது.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. இந்த மரம் மறுபடி துளிர்க்கிற கண்கள் தரை மட்டத்துக்குக் கீழே, சுமார் ஓர் அடி ஆழம் வரை, தூரின் கழுத்தில் இருக்கின்றன. பக்கவேர்கள் பிரியத் தொடங்கும் இடம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே என்ன வெட்டினாலும் அந்தக் கண்கள் விழித்துக்கொள்ளும். "இதன் வேர் பாதாளம் வரை போகுமே, அதை எப்படிப் பிடுங்குவது?" என்று மலைக்கிறவர்கள் உண்டு. வேர் ஆழம் போவது உண்மைதான். 1960-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது, இதே இனத்து மரத்தின் வேரை 50 மீட்டருக்கும் கீழே கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆழ்வேர் தனியாகத் துளிர்க்காது. கழுத்துப் பகுதி முழுசாக வெளியே வந்துவிட்டால் மீதி வேர் மண்ணுக்குள் மக்கிப்போகும். ஆகவே நமக்கு வேண்டியது தூரின் கழுத்துக்குக் கீழே போய்க் கவ்வி, மண்ணை உதறிவிட்டுத் தூரை மட்டும் மேலே கொண்டுவருகிற கருவி.

பக்கெட் அதைச் செய்யாது. பக்கெட்டைத் தரையோடு வைத்துத் தள்ளினால் தண்டு கழுத்துக்கு மேலே முறியும், கண்கள் உள்ளேயே தங்கும். ஆழமாக இறக்கித் தள்ளினால் தூரோடு சேர்த்து நான்கு விரல் கனத்துக்கு மேல்மண்ணும் வரும். அந்த மண்ணில்தான் நிலத்தின் சத்தெல்லாம் இருக்கிறது; இந்த மரத்தின் விதையும் அதில்தான் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது. வயல் ஓரத்தில் குவித்தால் சத்தை வரப்புக்குக் கொடுத்து, விதைக்குப் புது நாற்றங்கால் போட்டதாகும். குவியலைக் கொளுத்தினாலும் மண் கலந்த முள் எரியாது, வாரக்கணக்கில் புகையும். கரிமூட்டம் போடுகிறவர்கள் மண் ஒட்டிய தூரைக் கண்டாலே விலையைக் குறைப்பார்கள். மண் உதிர்ந்த சுத்தமான தூருக்கு நல்ல கேட்பு உண்டு, தூரிலிருந்து வருகிற கரி கனமாக நின்று எரியும்.

இந்த வேலைக்கு உரியது ரேக். பக்கெட்டின் அடித்தகடு இருக்க வேண்டிய இடத்தில் கனமான இரும்புப் பற்கள், வளைந்து முன்னால் நீண்டிருக்கும். பல்லுக்குப் பல் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளிதான் இதன் உயிர்.

பெருங்குளம் பக்கம் ஒரு புஞ்சையில் தை மாதம் வேலை செய்தோம். மழை நின்று மண் ஈரமாக, ஆனால் சக்கரத்தில் ஒட்டாத பதத்தில் இருந்தது. என்னோடு வருகிற ஓட்டுநர் பையனுக்கு அன்றுதான் ரேக் புதிது. மரத்தின் மேலேயே பல்லைக் கொண்டுபோய் முட்டினான். "எய்யா, மரத்தை முட்டாதே. ரெண்டு அடி தள்ளி மண்ணுக்குள்ள இறக்கு" என்றேன். பல் சாய்வாக இறங்கியது. முதல் கியரில், எஞ்சின் திணறாத அளவுக்கு மெல்ல முன்னேறினான். பக்கவேர்கள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் கேட்டது. மரம் நம் பக்கமாகத் தலை சாய்த்தது. அப்போது பல்லை மேல்நோக்கி மடக்கினான். தூர் பிய்ந்து மேலே வந்தது. கழுத்து, அதன் கீழே விரல் பருமனில் அறுந்த வேர்கள், உள்ளே மஞ்சள் பாய்ந்த சிவப்பு. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிறுத்தி, பக்கெட் லிவரை முன்னும் பின்னும் வெடுக் வெடுக்கென்று ஆட்டச் சொன்னேன். மண் பல்லிடுக்கு வழியாகப் பொலபொலவென்று, தூர் வந்த குழிக்குள்ளேயே விழுந்தது. "அண்ணாச்சி, குழியும் மூடிப்போச்சே" என்றான் பையன். சாயங்காலம் பார்த்தால் வயலின் மட்டம் மாறவில்லை.

கைப் பருமன், மிஞ்சினால் கணுக்கால் பருமன் வரை இது நடக்கும். தொடைப் பருமனுக்கு மேல் போன கிழட்டு மரத்தோடு டிராக்டர் லோடரை மல்லுக்கு நிறுத்தாதீர்கள். 45, 50 குதிரைத்திறன் டிராக்டரின் லோடர், சரக்கு தூக்கச் செய்தது. அடியோடு பெயர்க்கிற பலம் அதற்கு இல்லை. ஓரத்துப் பல் ஒன்றை மட்டும் கொடுத்து நெம்பினால் லோடரின் கைகள் முறுக்கிக்கொள்ளும், பிறகு பட்டறையிலும் நேராகாது. பெரிய மரங்களுக்கு ஒரு நாள் ஜேசிபியைக் கூப்பிட்டு, பின்கையால் சுற்றித் தோண்டி எடுத்துவிடுவது லாபம். பொறுக்கிக் குவிக்கிற வேலையை டிராக்டருக்கு விட்டுவிடலாம்.

குவிப்பதற்கும் ஏற்றுவதற்கும் ரேக்கின் மேல் ஒரு கவ்வி வைத்தது உண்டு. கிராப் என்பார்கள், கரும்பு ஏற்றுகிற எந்திரத்தில் பார்த்திருப்பீர்கள். முள் காற்றோட்டமான சரக்கு. வெறும் ரேக்கில் தூக்கினால் பாதி வழியில் கொட்டிப்போகும், அதைப் பொறுக்க ஆள் இறங்கினால் கையெல்லாம் ரத்தம். கவ்வி மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். அருமையான கருவி, ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டு கணக்குப் பாருங்கள்.

ஒன்று எண்ணெய்க் கணக்கு. லோடரைத் தூக்க ஒரு வழி, பக்கெட்டை மடக்க ஒரு வழி, ஆக இரண்டு ஹைட்ராலிக் வழிகள் ஏற்கனவே ஓடுகின்றன. கவ்விக்கு மூன்றாவது வழி வேண்டும். டிரெய்லர் கவிழ்க்கிற ஒற்றைக் குழாய் மட்டும் இருக்கிற டிராக்டரில் கூடுதல் வால்வு போட்டாக வேண்டும். கடைக்காரர் கருவியின் விலையைத்தான் சொல்வார், வால்வையும் குழாயையும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று எடைக் கணக்கு. லோடர் 1,000 கிலோ தூக்கும் என்று எழுதியிருந்தால், அது கைகளின் நுனியில் இணைப்புப் பின் மாட்டுகிற இடத்தில் அளந்தது. கவ்வியோடு ரேக் 300 கிலோ என்றால் மீதி 700. சரக்கோ பின்னுக்கு இரண்டு, மூன்று அடி முன்னால் உட்காரும். ஆகவே அந்த 700-ம் முழுசாகக் கிடைக்காது. கருவி கனமாக ஆக, தூக்குகிற சரக்கு குறையும். இதனால்தான் சின்ன டிராக்டருக்குப் பெரிய கவ்வியை நான் பரிந்துரைப்பதில்லை.

முன்னால் எடை ஏறினால் பின்னால் ஈடு வேண்டும். மூன்று முனை இணைப்பில் ஒரு கான்கிரீட் கட்டை, அல்லது சும்மா நிற்கிற ரோட்டவேட்டரையே மாட்டிக்கொள்ளலாம். பின் டயர்களில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்புவதும் நல்ல வழி. நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. முன் அச்சு வண்டியைத் திருப்புவதற்கானது, சுமை தாங்க அல்ல. லோடர் வேலைக்கென்றே வாங்குகிறவர்கள் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியைப் பாருங்கள். லோடரைத் தாங்கும் சட்டம் பின் அச்சு வரை நீண்டு போல்ட் ஆகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். குளத்தங்கரைச் சரிவில் சரக்கை உயரத் தூக்கிக்கொண்டு திரும்புவதைப் போல ஆபத்து வேறில்லை. முழங்கால் உயரத்தில் வைத்தே நகர வேண்டும். தூக்கிய கைகளின் அடியில் யாரும் நிற்கக் கூடாது, அது முதலாளியாகவே இருந்தாலும்.

லோடரின் முன்னால் மாட்டி முள்ளை அரைத்துத் தூளாக்கும் மல்ச்சர் படங்களைச் செல்போனில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். அந்த எந்திரம் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் எண்ணெய் ஓட்டம் கேட்கும். நம் டிராக்டர் பம்ப் 40 லிட்டர் தந்தால் பெரிது. நமக்குப் பொருந்துவது பின்னால் பி.டி.ஓ. தண்டில் 540 சுற்றில் ஓடும் ஸ்லாஷர் அல்லது மல்ச்சர். அதுவும் தூர் எடுத்த பிறகு சிறு கிளைகளைத் தூளாக்கி நிலத்துக்கு மூடாக்குப் போடத்தான். தூர் எடுக்காமல் ஸ்லாஷர் ஓட்டினால் 2017-ல் நடந்தது உங்கள் வயலிலும் நடக்கும். அந்தத் தண்டுக்கு மூடி போடாமல், வேட்டியோடோ சேலையோடோ பக்கத்தில் போகவே வேண்டாம்.

முள்ளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்த வேலையில் டயர்ச் செலவு டீசல் செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காய்ந்த முள் பச்சை முள்ளைவிடக் கொடியது, டயருக்குள் ஏறி முறிந்து, ஒரு வாரம் கழித்து டியூபைக் குத்தும். முன் டயருக்குள் பழைய டயர்த் துண்டை மெத்தையாக வைத்து ஓட்டுகிறோம். வேலை முடிந்த பாதையில் ரேக்கை ஒருமுறை தரையோடு தவழவிட்டு முள்ளை ஒதுக்கிய பிறகுதான் திரும்பி வர வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் வலை கட்டுங்கள், அந்தப் பொடி இலை அரை மணி நேரத்தில் காற்றை அடைத்து வண்டியைக் கொதிக்க வைத்துவிடும். கடலோரத்தில் வேலை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உப்பளத்துச் சேறு பட்ட இணைப்புப் பின்னும் புஷ்ஷும் ஒரே பருவத்தில் அரிக்கும், ஹைட்ராலிக் தண்டில் புள்ளி விழுந்தால் சீல் போய்விடும். நல்ல தண்ணீரில் கழுவி, தினம் கிரீஸ் அடிக்க வேண்டும்.

மண்ணுக்கு மண் வேலை மாறும். கரிசலில் தை, மாசிதான் காலம். அதற்குப் பிறகு மண் கல்லாகி, தூர் கழுத்தில் முறியும். உப்பளக் களிமண்ணில் பல் இடைவெளி அகலமாக இருக்கட்டும், நெருக்கமான பல்லில் சேறு அடைத்து அதுவே பக்கெட்டாகிவிடும். செம்மணல் மேடான தேரியில் மணல் தானாகவே உதிரும், கருவிக்குச் சிரமமே இல்லை. ஆனால் அங்கேதான் எனக்குத் தயக்கம் அதிகம். ஆடிக் காற்றுக்கு முன்னால் தேரி ஓரத்து நிலத்தை மொட்டையாக்கினால், காற்று மணலைத் தூக்கி அடுத்தவர் தோட்டத்தில் போடும். பட்டை பட்டையாக, ஒரு பட்டை விட்டு ஒரு பட்டை எடுத்து, எடுத்த இடத்தில் ஏதாவது முளைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். குதிரைமொழித் தேரியில் காப்புக்காடும் இருக்கிறது. எல்லை தெரியாமல் எந்திரத்தை இறக்காதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியும் குளங்களும் கரை உடைத்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரமே தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு வாழைத் தோட்டங்களில் கிடந்ததைப் பார்த்தபோது, ஒரே கருவியால் எதுவும் ஆகாது என்று புரிந்தது. மணல் மேடிட்ட இடத்துக்குப் பக்கெட்தான், அங்கே அதற்குரிய வேலை. சாய்ந்த வாழைக்கு நீண்ட இரண்டு கைகள் கொண்ட ஃபோர்க், துறைமுகக் கிடங்கில் சரக்குத் தூக்குவது போன்றது. அடியில் நுழைத்து அப்படியே வரப்புக்குக் கொண்டுபோய்விடலாம். வாய்க்காலை அடைத்த அமலைச்செடிக்குக் கம்பி இடைவெளி விட்ட பக்கெட். அந்தச் செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மூடிய பக்கெட்டில் அள்ளினால் தண்ணீரைத்தான் சுமப்போம்; கம்பிப் பக்கெட்டைக் கரை மேல் சிறிது நேரம் பிடித்து நின்றால் தண்ணீர் வாய்க்காலுக்கே வடிந்துவிடும். வெள்ளக் குப்பையில் மின்கம்பி, கண்ணாடி, பாம்பு எல்லாம் இருக்கும். எந்திரத்தை விடுமுன் ஒருவர் கம்போடு நடந்து பார்த்துவிட வேண்டும்.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் ஓட்டுநருக்குக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். குடை விரித்ததுபோல் தலை தட்டையாக நிற்கும் உடைமரம் நம் மண்ணுக்கே உரியது. தூரத்திலிருந்து பார்த்தால் முள்மரம் எல்லாம் ஒன்றாகத் தெரியும். பக்கத்தில் போய் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால் தப்பிக்கும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு சொல்லிவிட்டது. வடலியும் பனைதான், ரேக் பட்டு நசுங்கக் கூடாது. பழையகாயல், புன்னைக்காயல் கழிமுகத்து அலையாத்திக் காட்டுப் பக்கம் எந்திரத்தையே கொண்டுபோகக் கூடாது.

ஒன்று மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் ரேக் வாங்குங்கள், பின் எடைக்கு வழி செய்யுங்கள். கவ்வியையும் ஃபோர்க்கையும் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கலாம், ஒரே அளவுப் பின் இருந்தால் எல்லார் வண்டியிலும் மாட்டலாம். அதுவும் வேண்டாம் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டர், டோசர் எல்லாம் அரசு வாடகைக்குக் கிடைக்கிறது, உழவன் செயலியிலேயே பதியலாம். ஐந்து ஏக்கருக்குக் குறைவாக நிலம் உள்ளவர்களுக்கு வாடகைதான் புத்திசாலித்தனம் என்பேன். என் தொழிலுக்கு அது வாடிக்கை தரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எடுத்த நிலத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு விரல் நீளத்தில் கன்றுகள் எழும். அந்த வாரமே இரண்டு ஆள் விட்டுக் கையால் பிடுங்கிவிட்டால் வேரோடு வரும். கோடையில் நெற்று விழுகிற காலத்தில் முள்காட்டில் மேய்ந்த ஆட்டை நேரே ஓட்டிவந்து உங்கள் நிலத்தில் கிடை போடாதீர்கள். வயிற்றுக்குள் போன விதை புழுக்கையோடு முளைக்கத் தயாராக வெளியே வரும். கிடைக்காரரிடம் பேசி, ஆடுகளை ஒரு வாரம் வேறு மேய்ச்சலில் வைத்திருந்து பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள்.